குழாயில் தொங்கிய சிவப்பு அட்டை

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. மாத்தூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தின் பின்பக்கம் ஒரு புங்கமரம் நிற்கிறது. அதன் அடியில் வெறும் கட்டாந்தரை. சங்கத்தின் செயலாளர் அதைப் படமெடுத்துப் போட்டு, "மரத்தடியில் வெயிலும் இல்லை, ஈரமும் இல்லை, எந்தச் செடியும் வராது. பிளாஸ்டிக் புல் விரித்துவிடலாமா?" என்று கேட்டிருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த காபி ஆறிப்போனது. பிளாஸ்டிக் புல்லாம்! அதுவும் நான் குடியிருக்கும் இடத்தில். மரத்தடியில் செடி வளர்ப்பதில் நான் யார் தெரியுமா என்று அந்தக் குழுவில் எழுத ஆரம்பித்து, நீண்டுகொண்டே போனதால் அழித்துவிட்டேன். அங்கே எழுதாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு நேரம் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய் அந்த மண்ணை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். மேலே மாவு மாதிரி புழுதி, கொஞ்சம் கீழே வேர்ப்பின்னல். புழுதியும் காய்ந்த இலையும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மாத்தூர் மறந்துபோய்விட்டது. எண்ணூர் சாலையில் நான் முதன்முதலாக வேலைக்குப் போன தொழிற்சாலையின் வாசலில் நின்றிருந்தேன்.

பம்புக்கான வார்ப்புப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. நான் டைம் ஆபீஸில் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் லீவு, யாருக்கு ஓவர்டைம் என்று பார்ப்பதுதான் வேலை. எங்கள் அப்பாவுக்கு டோல்கேட் என்ற பகுதியில் பலசரக்குக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மூட்டை தூக்கி, கடை போட்டவர். நான் வேலைக்குப் போகிறேன் என்றதும் அம்மாதான் குதித்தாள். "ஏளா, நம்ம கடையில கல்லாவுல உக்காராம எவன் கடையிலயோ போயி எதுக்கு உக்காருத?" என்றாள். கல்லாவில் உட்கார்ந்தால் சம்பளம் கிடையாது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பஸ் பயணம் தனிக் கதை. திருவொற்றியூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள் சாலையின் ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும். எங்கள் பஸ் அவற்றுக்குப் பக்கத்தில் தவழும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் லாரி டயர். காலையில் பவுடர் போட்டுக்கொண்டு ஏறினால் இறங்கும்போது முகத்தில் கரி. கைக்குட்டையால் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாகும், முகம் வெளுக்காது. எர்ணாவூர்ப் பக்கம் காற்று திரும்பினால் அழுகிய முட்டை வாடை வேறு. ஆனால் நான் இருபத்தோரு வயதில் மாதச் சம்பளம் வாங்கினேன். அதனால் அந்த வாடையும் எனக்கு மணத்தது.

மணக்காதது கேன்டீன் மட்டும்தான். அந்தத் தொழிற்சாலையின் ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். மதியம் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மேஜை மேஜையாகத் தலைகள் திரும்பும். யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒருநாள் வீட்டிலிருந்து சோறு கட்டிவந்த டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசலருகில் பெரிய மரம் ஒன்று இருந்தது. நாட்டு வாதுமை என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அங்கே எல்லோருக்கும் அது பாதாங்கொட்டை மரம். குடைமேல் குடை வைத்த மாதிரி அடுக்கடுக்கான கிளைகள், கை அகல இலைகள். சின்ன மழை பெய்தால் ஒரு சொட்டுகூடத் தரைக்கு வராது.

அதன் அடியில் காண்ட்ராக்ட் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெருக்குவது, மணல் சலிப்பது, தேநீர் கொண்டுபோவது எல்லாம் அவர்கள் வேலை. கேன்டீன் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் கஸ்தூரி அக்கா. எர்ணாவூரில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வீடு. என்னைப் பார்த்ததும் சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா, சேரு டேபிளெல்லாம் வுட்டுட்டு இங்க வந்துகினே?"

"அங்க எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"இங்க காக்கா பாக்கும். பரவால்லியா?"

பரவாயில்லை என்று உட்கார்ந்தவள்தான். அம்மாவின் புளிக்குழம்பு அவர்களுக்கும், கஸ்தூரி அக்காவின் நெத்திலி வறுவல் எனக்கும் என்று ஆகிவிட்டது. சாப்பிட்டபின் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளைச் செங்கல்லால் உடைத்துப் பருப்பு எடுத்துத் தின்போம். பாதிப் பருப்பு நசுங்கிவிடும். நசுங்கியதும் ருசிதான். அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்று சொன்னால் அப்பா இன்றைக்கும் நம்பமாட்டார்.

இந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் நிர்வாக மேலாளர் ஒருநாள் மரத்தடியில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். ஷூவில் தூசி படுவது மட்டும் அவருக்குப் பிடிக்காது. வருஷக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார்களாம். வாசலில் நுழைந்ததும் இந்தப் புழுதிக்காடா கண்ணில் பட வேண்டும் என்று கேட்டார். "அதுக்குள்ள இங்க பச்சையா ஒரு தோட்டம் வரணும். இல்லேன்னா மரத்தை எடுத்துட்டு கான்கிரீட் போட்டு லாரி திரும்ப இடம் பண்ணிடுவோம்" என்றார்.

அவர் போனபிறகு எல்லோரும் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டோம். "மரம் பூட்ச்சின்னா நாம எங்க குந்தித் துன்றது? கக்கூஸ் சொவத்தாண்டயா?" என்றாள் கஸ்தூரி அக்கா. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வளாகத்தில் மரத்தை விட்டால் நிழல் என்று இருந்தது கழிப்பறைச் சுவரின் பின்பக்கம் மட்டும்தான். அதைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. நேரே மேலாளரின் அறைக்குப் போய், "தோட்டத்தை நான் பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் நான் ஒரு துளசிகூட வளர்த்தவள் இல்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மிளகாய் வற்றல்தான் காயும்.

முதல் சுற்றுச் செடிகளை மேலாளரே வாங்கி அனுப்பினார். ரோஜா, அப்புறம் பாய் மாதிரி சுருட்டிய புல். புல் பத்து நாளில் வழுக்கை விழுந்தது. ரோஜாக்கள் வெளிச்சத்தைத் தேடி ஒரே பக்கமாகக் கழுத்தை நீட்டி, பூக்காமலே போய்ச் சேர்ந்தன. மேலாளர் வந்து செத்த செடிகளைப் பார்த்தார். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒரு காரியம் செய்தேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், யாருமே கவனிக்காமல் வளர்ந்து நிற்கும் செடி எது என்று பார்க்க ஆரம்பித்தேன். பூந்தோட்டத்துச் செடிகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மாடிப்படிக்கு அடியில், இரண்டு சுவருக்கு நடுவில், சாக்கடை மூடியின் ஓரத்தில், வெயிலும் தண்ணீரும் இல்லாமல் எது நிற்கிறதோ அதுதான் நமக்கு வேண்டும். அப்படிப் பார்த்தால் ஊர் முழுக்கச் செடிதான். கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும் மருள். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் ஊதா என்று இருக்கும் ரியோ. எதைப் பிடித்தாலும் ஏறிவிடும் மணி பிளான்ட். உங்கள் வீட்டு மரத்தடி காய்ந்து கிடந்தால் நீங்களும் இப்படியே தேடுங்கள். நர்சரிக்குப் போவதெல்லாம் அப்புறம்.

விஷயம் தெரிந்து தொழிற்சாலையே இறங்கியது. ஆளுக்கொரு கன்று, ஆளுக்கொரு கிளை. மெயின்டனன்ஸில் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஆரோக்கியம் அண்ணன் டிபன் கேரியரின் மேல்தட்டில் டிசம்பர் பூச்செடியின் கன்றுகளைக் கொண்டுவந்தார். ராயபுரத்துக்காரர், ஞாயிறு பூசையில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், சாதாரணமாகப் பேசினாலே இரண்டு தெருவுக்குக் கேட்கும். "எங்க கோயிலாண்ட சொவரு ஓரமா தானா மொளைச்சிக் கீது மேடம். எவனும் தண்ணி காட்டுல. சாவவும் மாட்டேங்குது" என்றார். இதைவிட நல்ல சிபாரிசு ஒரு செடிக்கு வேண்டுமா?

பெரிய வேர்களை வெட்டாமல், வேர்களுக்கு நடுவில் கடப்பாரையால் சின்னச் சின்னக் குழி போட்டோம். பழைய கட்டிட இடிபாடு கொட்டிக் கெட்டித்த தரை, கடப்பாரை துள்ளும். குழியில் எருவும் மணலும் போட்டு, சின்னக் கன்றுகளாகவே வைத்தோம். வெளிவட்டத்தில், காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில், டிசம்பர் பூ. உள்ளே ரியோவும் மருளும். ஆனால் மரத்தின் தண்டைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்து சாப்பிட ஒரு வட்டம் காலியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "தோட்டம் போடறியா, ஓட்டல் போடறியா?" என்று ஆரோக்கியம் அண்ணன் கேட்டார். ஓட்டல்தான் என்றேன்.

பெருக்கிய இலைகளை எரிக்காமல் செடிகளுக்கு நடுவில் பரப்பச் சொன்னதும் கஸ்தூரி அக்கா சண்டைக்கு வந்தாள். "குப்பய வாரி கொட்டறதுக்கா எனுக்குக் கூலி? சூப்பர்வைசரு பார்த்தா கலீஜா கீதுன்னு என்ன வெளிய தள்ளுவான்." ஈரம் காயாமல் இருப்பதற்கு என்று விளக்கினேன். முணுமுணுத்துக்கொண்டே பரப்பினாள். பரப்பியதும் அது கலீஜாக இல்லை, அழகாகவே இருந்தது. சிவப்பும் பழுப்புமாக அந்தப் பெரிய இலைகள் தரையை மூடியிருந்தன.

இத்தனையும் செய்தபின் செடிகள் சாக ஆரம்பித்தன. ரியோவின் தண்டு கொழகொழத்தது. மருளைத் தொட்டால் அடியோடு கையில் வந்தது. மரம் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது போலிருக்கிறது என்று நான் காலையில் இன்னும் இரண்டு வாளி ஊற்றினேன். அதற்குப்பின் இன்னும் வேகமாகச் செத்தன. ஆவணி பிறந்துவிட்டது. கான்கிரீட்காரர் ஒருவர் டேப்பைப் பிடித்துத் தரையை அளந்துவிட்டுப் போனார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். கண்ணில் கரி விழுந்துவிட்டது என்று பக்கத்து சீட் அம்மாவிடம் சொன்னேன்.

காரணம் ஒரு மதியம் ஷிப்ட் மாறும் சங்கு ஊதியபோது தெரிந்தது. காலை ஷிப்ட் முடித்த வெல்டர் ஒருவர் கை கழுவிவிட்டு, குழாயில் ஹோஸைச் செருகி, எல்லாச் செடிக்கும் தாராளமாகத் தண்ணீர் விட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் ஹோஸைக் கீழே போடுவதற்குள் அடுத்த ஷிப்டுக்கு வந்த கிரேன்காரர் அதை எடுத்தார்.

"டேய், நான் இப்பத்தான்டா ஊத்தினேன்!"

"நீ ஊத்தனது நீ ஊத்தனது. என் ஷிப்ட்ல காஞ்சா யார கேப்பாங்க? என்னத்தான?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டைம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவன் மிஷினைக் குறையில்லாமல் ஒப்படைக்க வேண்டும். வருகிறவன் போனவனை நம்பவே கூடாது, தானே சரிபார்க்க வேண்டும். மிஷினுக்கு அது நல்லது. எங்கள் செடிகளுக்கோ போகிறவன் ஊற்றினான், வருகிறவன் ஊற்றினான், நடுவில் வாட்ச்மேன் ஊற்றினார், போதாததற்கு நான். வறண்ட இடத்துக்கு என்று தேடித்தேடி வைத்த செடிகளைப் பாசத்தால் மூழ்கடித்திருந்தோம்.

ஊற்றாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள், எல்லோரும் ஊற்றினார்கள். சுவரில் சாக்பீஸால் எழுதினேன். அது அடுத்த ஷிப்டுக்கு எழுதியது என்று ஒவ்வொரு ஷிப்டும் நினைத்தது. கடைசியில் கஸ்தூரி அக்காதான் ஆரோக்கியம் அண்ணனைச் சீண்டினாள். "நைனா, கரண்ட் டப்பாவுல ஒரு செவப்பு அட்ட மாட்டுவியே, அத்த இந்தக் கொழாயில மாட்டு. எவன் தொடறான்னு பாப்பம்."

அந்தச் சிவப்பு அட்டை சாதாரணமானது அல்ல. ஓடும் மிஷினை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே கைவிட்டு வேலை செய்யும்போது, சுவிட்சில் தன் பெயர் எழுதிய அட்டையைப் பூட்டோடு மாட்டுவார். மாட்டியவர் தவிர வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது. முதலாளி வந்தாலும் கூடாது. ஆரோக்கியம் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வெளாட்டா இது? எங்கூட வேல செஞ்சவன் கை பூட்ச்சு, இத்த மாட்டாததால. செடிக்கெல்லாம் மாட்ட முடியாது" என்று எழுந்து போய்விட்டார். கஸ்தூரி அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவரே வந்தார். இரவெல்லாம் யோசித்தாராம். "மாட்லாம். ஆனா என் அட்டய மாட்ட மாட்டேன். கிளாஸ் முடிச்சி, பரிச்ச குடுத்து, உன் பேர்ல வாங்கிக்கினு வா. ரூல்ஸ்னா ரூல்ஸ்" என்றார். ஃபிட்டர்களும் எலெக்ட்ரீஷியன்களும் உட்கார்ந்திருந்த வகுப்பில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். மின்சாரத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உளறினேன். பூட்டைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் சரியாகச் சொன்னேன், கடைக்காரர் மகள் அல்லவா. எப்படியோ தேறிவிட்டேன். என் பெயர் எழுதிய சிவப்பு அட்டை கைக்கு வந்தது. அந்தத் தொழிற்சாலையில் அட்டை வைத்திருந்த முதல் பெண் நான். வீட்டில் காட்டினேன். "இதுக்குச் சம்பளம் கூட்டுவாகளா?" என்று கேட்டாள் அம்மா.

வாசல் குழாயில் அட்டையைப் பூட்டோடு மாட்டினேன். அன்று மதியம் வெல்டர் ஹோஸோடு வந்தார், அட்டையைப் பார்த்தார், ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். கிரேன்காரரும் அப்படியே. சொன்னால் கேட்காதவர்கள், எழுதினால் கேட்காதவர்கள், அட்டையைக் கண்டதும் ஒதுங்கினார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் நானே பூட்டைத் திறந்து, குழி நனைய நிதானமாக ஊற்றிவிட்டுத் திரும்பப் பூட்டினேன். ஒரு காலை மேலாளர் சேற்றில் மிதித்துவிட்டு நேரே அந்தக் குழாய்க்கு வந்தார். அட்டையைப் பார்த்தார். என் பெயரைப் படித்தார். டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். அட்டை விதியில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். சேற்றுக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே அடுத்த கட்டிடத்துக் குழாய்க்கு நடந்து போனார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

செத்தது போக மிச்சமிருந்த செடிகள் பிழைத்தன. ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்துவிட்டன. ரியோ பக்கக் கன்று விட்டது, மருள் நிமிர்ந்தது, மணி பிளான்ட் மரத்தைப் பிடித்து ஏறியது. கார்த்திகை பாதியில் ஒரு காலை பஸ்ஸை விட்டு இறங்கி வாசலில் நுழைந்தால் வெளிவட்டம் முழுக்க ஊதா. டிசம்பர் பூ பூத்திருந்தது. வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்தார். அன்று மதியம் நாங்கள் எல்லோரும் தலையில் அந்தப் பூவைத்தான் வைத்திருந்தோம். "கோயில் பூவு, பாத்து வெச்சிக்க" என்று ஆரோக்கியம் அண்ணன் இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி மிரட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் விருந்தினர்கள் வந்தார்கள். மதிய நேரம். உயரமான ஒரு வெளிநாட்டு அம்மாள் காரை விட்டு இறங்கியதும் ஆபீஸ் பக்கம் போகாமல் தோட்டத்தைப் பார்த்து நடந்து வந்துவிட்டார். நாங்கள் வட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எவ்வளவு அழகு, தினமும் இங்கேதான் சாப்பிடுவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர்களுக்கு இங்கே சாப்பிடத்தான் பிடிக்கும் என்று மேலாளர் முந்திக்கொண்டார். அந்த அம்மாள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கையில் பிசைந்த சோறு. வேலை போனால் போகட்டும், கல்லா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இவர்களைக் கேன்டீனுக்குள் விடமாட்டார்கள்" என்று சொன்னேன்.

கஸ்தூரி அக்காவுக்கு மொழி புரியவில்லை, மேலாளரின் முகம் புரிந்தது. "இன்னா சொல்லிக்கினே?" என்று என் முழங்கையைக் கிள்ளினாள். அன்று மாலை வரை டைம் ஆபீஸில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும் நேரத்தில் மேலாளர் வந்தார். ஆர்டர் கையெழுத்தாகிவிட்டது என்றார். திங்கட்கிழமையிலிருந்து காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் கேன்டீனில் சாப்பாடு, அந்த அம்மாள் அதை ஒரு நிபந்தனையாகவே வைத்துவிட்டார் என்றார். போகும்போது வாசலில் திரும்பி, "மரம் இருக்கட்டும்" என்றார். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன். நடந்து போக முடியவில்லை.

திங்கட்கிழமை நாங்கள் எல்லோரும் கூட்டமாகக் கேன்டீனுக்குள் நுழைந்தோம். தலைகள் திரும்பின. கஸ்தூரி அக்கா நடுவில் நின்று, "இன்னா, பொம்பள சோறு துன்றத பாத்ததில்லியா?" என்றாள். தலைகள் தட்டுக்குத் திரும்பிவிட்டன. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, காற்றில் சோறு ஆறிப்போகிறது என்று குறை வேறு சொன்னாள். அன்று நான் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தத் தொழிற்சாலை பிறகு மூடப்பட்டது. வாசலையும் இடித்துவிட்டு இப்போது கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தால் எங்கே மரம் நின்றது என்றே குறி தெரியவில்லை. ஆனால் எங்கள் இடம் அதற்கு வெகுநாள் முன்பே போய்விட்டது. கேன்டீன் திறந்தபின் யாரும் மரத்தடிக்குப் போகவில்லை. தண்ணீர் விட நான் மட்டும் போவேன். அடுத்த வருஷம் பாதாங்கொட்டை உதிரும் காலத்தில், பருப்பு தின்னலாம் வா என்று கஸ்தூரி அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ரியோ மரத்தின் தண்டு வரைக்கும் பரவி, காலியாக விட்டிருந்த வட்டத்தையும் மூடியிருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏம்மா, நம்ம குந்தின எடம் எங்க?"

இலைகளை விலக்கித் தேடினோம். எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நின்றுகொண்டே ஆளுக்கொரு கொட்டையை உடைத்துத் தின்றுவிட்டு, சாப்பாட்டு மணி அடித்ததும் கேன்டீனுக்குப் போனோம்.